மாநகராட்சிப் பள்ளிகளில் உடல்பருமன் தடுப்பு: கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
மாநகராட்சிப் பள்ளி,
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை 600003.

பொருள்: மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகளின் உடல்பருமனைத் தடுக்க நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது பசிதான் பிரச்சினை. இன்று எங்கள் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோடு கிடைக்கிறது. மதியம் முட்டையோடு சத்துணவு. விடிவதற்குள் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் கிளம்புகிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி மாளாது. இந்த இரண்டு வேளைக்கு நடுவிலும், மணி அடித்துப் பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே விளையாடுகிறார்கள் என்பதுதான் இப்போது எங்கள் கவலை.

பருமன் என்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்காத வீடு குறைவு. வகுப்பில் மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பருத்த பிள்ளைக்கு ரத்தசோகையும் சேர்ந்தே இருக்கலாம். ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் பத்து ரூபாய் கூல்டிரிங்க்ஸும் வயிற்றை அடைக்கும், இரும்புச்சத்து தராது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அந்தக் காசைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர பல தாய்மார்களுக்கு வேறு வழியில்லை.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்தது. எங்கள் பள்ளி வாசலில் அந்த விதி இருப்பதற்கான அடையாளமே இல்லை. அதற்காகத் தள்ளுவண்டிகளை அடித்து விரட்டச் சொல்லவில்லை. அங்கே கடை போடுகிறவர்களும் எங்கள் அக்கம்பக்கத்தவர்கள்தான், அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். சுண்டல், வேகவைத்த கடலை, கொய்யா, வெள்ளரி விற்பவர்களுக்கு வாசலருகே இடம் ஒதுக்கித் தாருங்கள். பெரிய கடைகளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை வழியாக நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். பள்ளிக்குள் சுத்தமான குடிநீர் எப்போதும் வந்தாலே பாதிப் பிள்ளைகள் கலர் பாட்டிலைத் தேட மாட்டார்கள்.

அப்புறம் விளையாட்டு. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு களைக்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேம்ஸ் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது எங்கள் பள்ளியில் வழக்கமாகிவிட்டது. ஒண்டுக் குடித்தனத்திலும் சந்துகளிலும் ஓட இடம் இல்லை. பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம்: வயதுக்கு வந்ததும் தெருவில் விளையாட வீட்டில் விடுவதில்லை. சுவருக்குள் இருக்கிற பள்ளி மைதானம்தான் அவர்களுக்கு மிச்சம். அதுவும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, மற்ற நாட்களில் சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வாரத்தில் சில நாட்களாவது வந்து போக ஏற்பாடு செய்யுங்கள்.

எடை, உயரம் பார்க்கும் மருத்துவக் குழுவை வரவேற்கிறோம். ஆனால் எல்லோர் முன்னாலும் எடையைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று தயவுசெய்து அறிவுறுத்துங்கள். பட்டப்பெயர் வைத்துவிட்டால் அந்தப் பிள்ளை விளையாடவும் வராது, பள்ளிக்கும் வராது. அளவைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லி, தேவைப்பட்டால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்றால், முதலில் மைதானத்தைப் பள்ளி விட்ட பிறகு மாலை ஆறரை மணி வரை திறந்து வைக்க உத்தரவிடுங்கள். மேற்பார்வைக்குப் பெற்றோர்களாகிய நாங்கள் முறை வைத்து வருகிறோம். அதை எழுத்திலேயே தரத் தயாராக இருக்கிறோம். துணை ஆணையர் (கல்வி) அவர்களோடு இது பற்றிப் பேச எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: சென்னை
நாள்: