சர்டிபிகேட் கேக்காதீங்க, பரீட்சை வையுங்க – ரங்கூன்ல இருந்து ஒரு மடல்

தமிழ் படிக்க வர்ற வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு உதவித்தொகை குடுக்குற குழுவுக்கு,

வணக்கம் ஐயா, அம்மா. நான் ரங்கூன்ல ஒரு கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்குறவன். சம்பளம் கிடையாது, வாத்தியார்னு கூப்பிடுறாங்க, அவ்ளோதான். எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்திக்கு போன வாரம் உங்க பதில் வந்துச்சு. அங்கீகாரம் உள்ள பள்ளியில தமிழ் படிச்ச சர்டிபிகேட் இல்லையாம், அதனால விண்ணப்பம் தள்ளுபடியாம். ரெண்டே வரி, அதுவும் இங்கிலீஷ்ல. லோகோவுல மட்டும் தமிழ் இருந்துச்சு, சந்தோஷம்.

எங்க கதை உங்களுக்குத் தெரியாததில்ல. 1962ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சியப் புடிச்சாரு, 1965ல தனியார் பள்ளிக்கூடத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அதோட நம்ம பள்ளிக்கூடமும் போச்சு. அதுக்கப்புறம் பொறந்தவங்க எல்லாம் கோயில்லயும் வீட்டுலயும்தான் எழுத்து கத்துக்கிட்டோம். எங்களுக்கு அங்கீகாரம் யாரு குடுப்பா, முனீஸ்வரரா?

அந்தப் பொண்ணு படிச்ச புஸ்தகத்த நீங்க பாக்கணும் ஐயா. யாரோ எப்பவோ மெட்ராஸ்ல இருந்து கொண்டுவந்த ஒரு புஸ்தகம், அத ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸ ஜெராக்ஸ் எடுத்து, கடைசியில புள்ளியெல்லாம் மறைஞ்சுபோய் ன-வும் ன்-னும் ஒரே மாதிரி ஆயிடுச்சு, ஒவ்வொரு பக்கமா நானும் அவளும் உக்காந்து பேனாவால புள்ளி வச்சோம். உங்க விண்ணப்ப பாரத்த நெட்டுல ஏத்துனது ராத்திரி ஒரு மணிக்கு, ஏன்னா இங்க கரண்டு நாலு மணி நேரம் வந்தா எட்டு மணி நேரம் போகும், அன்னிக்கு வந்த நேரம் அது. அதுலயும் குடும்பப் பேருன்னு ஒரு கட்டம், காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. பர்மாவுல குடும்பப் பேரே கிடையாதே! மெட்ரிக் சர்டிபிகேட்ல இருக்குறது பர்மாப் பேரு, கோயில்ல கூப்பிடுறது தமிழ்ப் பேரு. அவ பாவம், அவங்க அப்பா பேர எழுதிட்டு 'இது தப்பாயிடுமா வாத்தியாரே'ன்னு மூணு தடவ கேட்டா.

தப்பு அதுல இல்ல, நீங்க தமிழ் சர்டிபிகேட் கேக்குறதுலதான்.

இதே தெருவுல ஜப்பான் கிளாஸ் போர்டு நாலு தொங்குது. என்கிட்ட படிச்ச பசங்க பாதி பேரு இப்ப அங்கதான், நான் குறை சொல்லல, சோறு எங்க இருக்கோ அங்கதான போவாங்க. கொரியா அரசாங்கம் உதவித்தொகை குடுத்தா, அவங்க மொழி தெரியாத பிள்ளைய கூட்டிட்டுப் போயி அவங்க செலவுலயே மொத ஒரு வருஷம் மொழி சொல்லிக் குடுத்துட்டு அப்புறம்தான் பட்டப்படிப்புக்கு அனுப்புறாங்க. முன்னாடியே நல்லா கத்துக்கிட்டு வந்தவங்களுக்கு அந்த ஒரு வருஷம் வேணாம்னு விட்டுர்றாங்க. இங்க வெளிநாட்டு மொழிப் பல்கலைக்கழகத்துல சீனம், ஜப்பான், கொரியன், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், தாய் எல்லாம் இருக்கு, தமிழ் இல்ல. நீங்களோ தமிழ் சொல்லிக்குடுக்குறதுக்கு தமிழ் படிச்ச சர்டிபிகேட் கேக்குறீங்க. நீச்சல் கத்துக்க வர்றவன்கிட்ட ஆத்த தாண்டுனதுக்கு ரசீது கேட்ட கதையா இருக்கு.

இங்க வர்ற பெரிய மனுஷங்க எல்லாரும் சால்வை வாங்கிக்குறாங்க, தொப்புள்கொடி உறவும்பாங்க, போட்டோ எடுப்பாங்க, ப்ளைட் ஏறுவாங்க. ஒருத்தராவது நாலு புஸ்தகம் கொண்டுவந்தாங்களா... சரி விடுங்க, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க.

கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். சர்டிபிகேட் கேக்காதீங்க, பரீட்சை வையுங்க. போன்ல கேளுங்க, பேப்பர் அனுப்பி எழுதச் சொல்லுங்க, அவ தேறலேன்னா நாங்களே ஒத்துக்குறோம். இந்த வருஷம் முடியாதுன்னா அடுத்த வருஷத்துக்காவது அந்த விதிய தயவுசெஞ்சு மாத்துங்க.

பதில் போட்டா இந்தத் தடவ தமிழ்ல போடுங்க ஐயா. போன வாரம் வந்தத நான்தான் அவளுக்குப் படிச்சு அர்த்தம் சொன்னேன், தமிழ்னா அவளே படிச்சுக்குவா.

இப்படிக்கு,
ஒரு கோயில் வாத்தியார், ரங்கூன்