‘சிறு திருத்தம்’ செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் மக்கள் தொடர்புத் துறையில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். விக்கிப்பீடியாவில் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருப்பவன் நான். போன வாரம் ஒரு நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தியைக் காணவில்லை. நீதிமன்றம் அபராதம் விதித்ததைச் சொல்லும் பத்தி, மூன்று செய்தித்தாள் மேற்கோள்களோடு இருந்தது. யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், அன்று காலை தொடங்கிய ஒரு கணக்கு அதை நீக்கியிருக்கிறது. என்ன மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘சிறு திருத்தம்’ என்று மட்டும் இருந்தது. பத்தி போன இடத்தில் ‘ஈடு இணையற்ற முன்னணி நிறுவனம்’ என்று ஒரு வரி முளைத்திருந்தது.

திரும்பப் போட்டேன். சாயங்காலம் மறுபடி காணோம். இந்த முறை வேறொரு புதுக் கணக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்தியில் உண்மையிலேயே ஒரு தப்பு இருந்தது. மேல்முறையீட்டில் அபராதத்தைக் குறைத்துவிட்டார்கள். கட்டுரையில் பழைய தொகையே நின்றுகொண்டிருந்தது. கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் வந்து, “நான் இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன், தொகை குறைந்துவிட்டது, செய்தி இதோ” என்று இரண்டு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன். நலமுரண் இருப்பவர், அதாவது எழுதும் விஷயத்தோடு சொந்த லாபம் கலந்திருப்பவர், வாயே திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரென்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், கட்டுரையில் கை வைப்பதை மற்றவர்களிடம் விடுங்கள், அவ்வளவுதான். எழுத்துப்பிழையை நீங்களே திருத்தினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இது வெறும் நாகரிகம் இல்லை. யாருக்காக எழுதுகிறோம், யார் பணம் தருகிறார்கள் என்பதைப் பயனர் பக்கத்திலோ பேச்சுப் பக்கத்திலோ தொகுப்புச் சுருக்கத்திலோ சொல்லியாக வேண்டும் என்பது 2014 ஜூன் முதல் பயன்பாட்டு விதி.

மறைந்து செய்தாலும் தடம் இருக்கும். 2007-இல் வந்த விக்கிஸ்கேனர், கணக்கில்லாமல் செய்த திருத்தங்களின் ஐபி முகவரிகளை வைத்து அவை எந்தெந்த நிறுவன வலையமைப்பிலிருந்து வந்தவை என்று காட்டிவிட்டது. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே தன்னைப் பற்றிய கட்டுரையைத் திருத்தியது 2005-இல் வெளியே வந்து, வருத்தம் தெரிவித்தார். அவருக்கே அந்த நிலைமை.

அப்புறம், “நாங்கள் எழுதித் தருகிறோம், யாருக்கும் தெரியாது” என்று வரும் ஆட்களிடம் ஜாக்கிரதை. 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கும்பல் வேறு வேறு ஆட்கள்போல நடத்திய 381 கைப்பாவைக் கணக்குகளைத் தடை செய்தார்கள். நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளாகப் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் வெளியிடப் பணம் கேட்டது அந்தக் கும்பல். வெளியிட்ட பிறகு ‘பாதுகாக்க’ மாதாமாதம் பணம் வேறு.

நான் சொன்ன அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. தொகையை நானே திருத்திவிட்டேன். சுருக்கத்தில் ‘மேல்முறையீட்டில் குறைக்கப்பட்ட தொகை, மேற்கோளுடன்’ என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வத் தொகுப்பாளர்