ரப்பர் இல்லாத வகுப்பு

குடியாத்தம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. தலைமையாசிரியை ஆகிவிட்டாய் என்று படித்ததும் அம்மாவிடம் சத்தமாகச் சொன்னேன். "அந்த ஒல்லிப் பொண்ணா?" என்று சந்தோஷப்பட்டார். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கிறாயா இல்லையா, அதைத்தான் நீ எழுதவே இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் என்று என்னதான் சொல்லித்தருவது என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில்தான் கேட்டாய். போன மாதம் காட்பாடியில் ஆசிரியர்களுக்கு ஒரு கலைப் பயிலரங்கு நடந்தது, போய்வந்தேன். இன்னும் அந்த நினைப்பாகவே இருக்கிறது.

உள்ளே போனதும் பென்சில், ரப்பர், ஸ்கேல் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போடச் சொல்லிவிட்டார் பயிற்சியாளர். பதிலுக்கு அடுப்புக்கரி, செங்கல் தூள், மஞ்சள், ஒரு கை அவரை இலை. "உங்க ஊரை வரையுங்க" என்றார். பாதிப் பேர் தாளில் என்ன வந்தது தெரியுமா? இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து ஓடும் ஆறு, ஓரத்தில் குடிசையும் தென்னையும். வேலூரைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? ஆனால் நம் மலைகள் எல்லாம் பாறையும் உருண்டைக் கல்லும். பாலாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு, எங்கிருந்தோ வந்த படத்தைத்தான் எல்லாருடைய கையும் பழகிவைத்திருந்தது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "சரி, இப்ப உங்க தெருவை வரையுங்க" என்றார்.

அப்போதுதான் ஆரம்பித்தது. "சார், இது சரியா இருக்கா?" வகுப்பில் பிள்ளைகள் நம்மைக் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அழிக்க முடியாது, மேல போங்க." கொஞ்ச நேரத்தில் கேள்வி நின்றது. ஓய்வுபெறப் போகும் தலைமையாசிரியர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். கோவை இலையும் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய காலத்து மனிதர். அவரை இலையைக் கசக்கித் தாளில் தேய்த்தார், வேப்பமரம் வந்தது. கட்டை விரலால் கரியை இழுத்தார், மரத்தடியில் ஒரு சைக்கிள் கடை வந்தது. விரல் நுனியெல்லாம் பச்சையும் கறுப்புமாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஏழு வயசுப் பையனுடையது.

மதியம் கண்ணைக் கட்டிவிட்டு ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் கொடுத்தார்கள். அவரவர் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அவிழ்த்துப் பார்த்தால் எனக்குச் சளி பிடித்த மூக்கு, முகத்தில் பாதி. பல்வலியோடு வந்த ஒரு டீச்சருக்குத் தாடை மட்டும் அப்படி வீங்கியிருந்தது. அப்போதுதான் பயிற்சியாளர் விக்டர் லோவன்ஃபெல்டைப் பற்றிச் சொன்னார். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு மண்ணில் உருவம் செய்யக் கற்றுத்தந்தவர். 1938-ல் ஆஸ்திரியாவை விட்டுக் கிளம்பி அமெரிக்கா போனவர். எது மனசுக்குப் பெரிதோ அதைப் பிள்ளைகள் பெரிதாகச் செய்வார்கள், அது கை தெரியாத கோளாறு இல்லை என்று எழுதியவர். வீட்டை வரைந்தால் சுவருக்குள் இருக்கும் அடுப்பும் பாட்டியும் வெளியே தெரிகிற மாதிரி வரைகிறார்களே, அதையும் அந்த வயசின் இயல்பு என்றுதான் சொல்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜூனில் வரைந்த படம் ஞாபகம் வந்தது. வைகாசி முதல் தேதி இங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா உனக்குத் தெரியுமே. அம்மன் தலையை ஊர்வலமாகச் சுமந்துவந்து கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்துவார்கள். அவள் படத்தில் தாள் முழுக்கச் சிரசுதான். கண் ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவு. தெருவும் கூட்டமும் கீழே புள்ளி புள்ளியாக. ஒரு மூலையில் அப்பா தோள்மேல் அவள், அப்பாவுக்கு முகமே இல்லை, தோள் மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் அவளுக்குத் தெரிந்தது அதுதானே கலா! இதற்கு அளவு சரியில்லை என்று யார் சொல்ல முடியும்?

கடைசியாகக் கூத்து. செய்யாறு பக்கமிருந்து ஒரு கலைஞர் வந்திருந்தார். 1989-ல் வட ஆர்க்காடு பிரிந்து செய்யாறும் கூத்துக்குப் பேர்போன புரிசையும் திருவண்ணாமலை மாவட்டத்தோடு போய்விட்டாலும் கூத்து நமக்கும் சொந்தம்தான். அட்டையில் கிரீடமும் புஜக்கட்டையும் செய்தோம். இரண்டு பேர் ஒரு புடவையைத் திரையாகப் பிடிக்க, பின்னால் நின்று, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு டீச்சர், திரைக்குப் பின்னால் நின்று "நான்தான் பாலாறு வந்திருக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுத்தார் பார், கூடமே அடங்கிவிட்டது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று ஆனதும் அவருக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கற்பனையை நாம் ஊட்ட வேண்டியதில்லை. சரியா தப்பா என்று பார்த்துக்கொண்டே நிற்கும் கண்ணைக் கொஞ்ச நேரம் நகர்த்தினால் போதும். 2012-ல் போட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான். நம் சின்னப் பிள்ளைகளுக்கு நாமே தமிழ், நாமே கணக்கு, நாமே ஓவியம். அதனால் இது நம் கையில்தான் இருக்கிறது. நேரம் எங்கே என்பாய். நான் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை இதற்கென்று எடுத்துவைத்துவிட்டேன். அந்த நேரம் மட்டும் ரப்பர் என் மேசை டிராயரில். மாதிரிப் படம் போர்டில் போடுவதில்லை. "இது என்ன?" என்று கேட்பதுகூட இல்லை, "இதைப்பத்திச் சொல்லு" என்கிறேன். வாசிக்கச் சொன்னால் அழுகிற ஒரு பையன், திரைக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியாகப் பேசினான். பேச்சை முடிக்கவே மனசில்லை அவனுக்கு.

நீயும் உன் பள்ளியில் செய்து பார். கரியை முந்தின நாளே உடைத்துவை, இல்லாவிட்டால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். திரைக்குப் பழைய பருத்திப் புடவையாக எடு. நைலக்ஸ் கையில் நிற்காமல் வழுக்கும், உள்ளே நிற்கிற பிள்ளையும் தெரியும். உன் பிள்ளைகள் வரைந்ததை நாலைந்து மடித்து அனுப்பு, எங்கள் வகுப்புக் கொடியில் தொங்கவிடுகிறோம்.

அன்புடன்,
வசந்தி