ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளையார் கோயில் ஊருணி வேலை முடிந்துவிட்டது. முடிந்தது என்று எழுதும்போதே வடக்குப் படித்துறை கண்முன் வந்து நிற்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம். ‘தூர் வாரியதற்கெல்லாம் திருப்பணி என்று பெயரா?’ என்று சிலர் கேட்டீர்கள். ஒரு காலத்தில் பிள்ளையாருக்கு அபிஷேகத் தண்ணீர் இங்கிருந்துதான் போனது. பெயர் பொருந்தும் என்றே குழு நினைக்கிறது.

சென்ற ஏப்ரல் கூட்டத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் பதினான்கு பேர் வந்து பணம் கேட்டது நினைவிருக்கும். பிளஸ் டூ எழுதியவர்கள் பாதி, கல்லூரியில் படிப்பவர்கள் பாதி. நம் மனதில் அப்போது வேறு படம் இருந்தது: ஊருணியை ஆழமாகத் தோண்டி, சுற்றி நடைபாதை போட்டு, நடுவில் ஒரு நீரூற்று. அவர்கள் கொண்டுவந்த தாளில் முதல் வரியே வரத்துக்கால், அதாவது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். போன ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் பின்னாலேயே நடந்து போனில் படம் எடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்திலிருந்து இறங்கும் தண்ணீர் பாலத்தடியில் முட்டி, ரோட்டுப் பக்கம் திரும்பி ஓடுகிறது. உள்ளே யாரோ வீடு இடித்த செங்கலும் காரையும். “தோண்டினா பள்ளம்தான் கிடைக்கும், தண்ணி கிடைக்காது சார்” என்றாள் ஒரு மாணவி. அதற்கப்புறம் நீரூற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நம் செயலாளர் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம் என்று கணக்கு. தான் போன முகாமில் கோயில் சுவருக்கு வெள்ளையடித்ததாகவும், அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று யாரும் தங்களைக் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். வேலையை அவர்களே தீர்மானிக்கட்டும், நாம் பணம் மட்டும் தருவோம் என்று அன்று முடிவானது. சொல்லிவிட்டோமே தவிர, கையை எடுக்க நமக்கு மனம் வரவில்லை.

ஊராட்சி தீர்மானம் போட்டு அனுமதி தந்தது. சீமைக் கருவேல மரங்களை ஊராட்சியே ஏலம் விட்டுக்கொண்டது, அந்தப் பணம் நம் கணக்கில் வராது. மண்ணை வெளியே கொண்டுபோவதென்றால் தனி அனுமதி என்பதால் எடுத்ததை எல்லாம் கரையிலேயே போட்டாயிற்று.

இனி நம் தவறு. முதலில் 10,000 ரூபாய் கொடுத்துவிட்டு, ‘செலவு செய்யுங்கள், ரசீது கொண்டுவாருங்கள், பிறகு தருகிறோம்’ என்றோம். அலுவலகத்தில் அப்படித்தான் நடக்கும், நமக்கும் அது பழகியது. ஆனால் கையில் காசில்லாத பிள்ளைகள் எதைச் செலவு செய்துவிட்டு ரசீது கொண்டுவருவார்கள்? ஜே.சி.பி.க்காரர் டீசல் காசு முன்னால் வந்தால்தான் வண்டியை இறக்குவேன் என்றார். நாம் இரண்டாம் தவணைக்காக இரண்டு ஞாயிறு கூடிப் பேசினோம். இடையில் கோடை மழை ஒன்று அடித்தது. ஊருணி உளையாகி, வண்டி உள்ளே இறங்கவே பதினொரு நாள் ஆனது. கத்திரிக்குள் முடிந்திருக்க வேண்டிய தோண்டல் ஆனி வரை இழுத்தது.

கணக்கு எழுதியது அந்த மாணவிதான். நாற்பது பக்க நோட்டு, அட்டையில் அவள் தம்பி பெயர். பொருளாளர் அதைப் புரட்டும்போது ஒரு வரவில் ‘அம்மா – 4,000’ என்று மட்டும் இருந்தது. கேட்டால் பதில் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, டீசலுக்காக அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே அந்தப் பணம் வட்டியோடு திரும்பப் போய்விட்டது. வட்டி 80 ரூபாயைப் பொருளாளர் தன் பையிலிருந்து போட்டார், கணக்கில் ஏற்ற விடவில்லை. அன்றிலிருந்து முறையை மாற்றினோம்: வாரத்துக்கு ஆகும் செலவு முன்பணம், சனிக்கிழமை நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்துக்கு. அதன்பின் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை.

இன்னொரு வரி: ‘டீ, பன் 640, ரசீது இல்லை.’

“ஏம்மா, ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கக் கூடாதா?”

“கேட்டா நாளைக்கு டீயே கிடைக்காது தாத்தா.”

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நம் பொருளாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார் என்பதையும் அறிக்கையில் பதிவு செய்கிறோம்.

வரவு: உறுப்பினர் நன்கொடை 1,52,500 ரூபாய், பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வசூலித்தது 18,340 ரூபாய், ஆக 1,70,840. செலவில் பெரியது தெற்குப் படித்துறைதான். பெயர்ந்த கல்லைத் திருப்பிப் பதித்ததற்குக் கொத்தனார், சித்தாள் கூலி, சிமெண்ட் எல்லாம் சேர்த்து 61,250. ஜே.சி.பி. 38 மணி நேரம், மணிக்கு 1,300 வீதம் 49,400. டிராக்டரும் கரை சமன் செய்ததும் 21,600. சாப்பாடு, டீ 11,475. வேலியும் வெட்டிவேர் நாற்றும் 8,900. மண்வெட்டி, கையுறை வகையறா 4,720. நோட்டீஸ், ஜெராக்ஸ் 1,630. மொத்தம் 1,58,975. கையிருப்பு 11,865 ரூபாய். கரையில் ஊன்றிய பனங்கொட்டைக்குச் செலவில்லை, பொறுக்கி வந்தவை. பாலத்தடி இடிபாட்டையும் கூலி இல்லாமல் பிள்ளைகளே மூன்று நாள் சட்டியில் அள்ளினார்கள்.

நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். கல்லுக்கு ஆகும் காசை வேலிக்குப் போடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள், ஆடு மேயாமல் வெட்டிவேர் பிழைத்திருப்பது அதனால்தான். மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. குழுவிலேயே இருவருக்கு உண்டு.

வடக்குப் படித்துறை கைவைக்கப்படவில்லை. மழைக்கு முன் இரண்டு பக்கமும் முடியாது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். அதற்கு நமக்கு நாமே திட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும். கையிருப்பை அதற்கென்றே வைத்திருக்கிறோம், போதாது. மனு எழுதும் வேலையையும் பிள்ளைகளிடமே விட்டாயிற்று.

ஐப்பசியில் பெய்த இரண்டாவது மழைக்கு வரத்துக்காலில் தண்ணீர் வந்தது. கீழிருந்து நான்கு படி மூழ்கியிருக்கிறது. நோட்டு நூலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். தருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் தராத நான்கு பேரின் பெயரும் அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருக்கிறது. தந்தவுடன் அழித்துவிடுவதாகக் கணக்கெழுதிய மாணவி சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்