தறிச் சத்தமும் தம்புராவும்

சோமனூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ செய்து அனுப்பிய 22 நிமிட 'டார்க் ஆம்பியன்ட்' என்ற இருண்ட சூழல் இசையை முதலில் கைப்பேசியிலேயே போட்டுவிட்டு, வெறும் இரைச்சல்தான் வருகிறது, கருவி பழுதாகிவிட்டது என்று இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். உன் பழைய ஹெட்ஃபோனை உங்கம்மாதான் தேடி எடுத்துக் கொடுத்தாள். கரண்ட் போய் ஊரெங்கும் தறிகள் நின்றிருந்த நேரத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டபோது, அடியிலிருந்து எழுந்த அந்தக் கனத்த முழக்கம் நம் தறிக்குடோனின் சத்தம்தான் என்று விளங்கவே எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. பொங்கலுக்கு வந்தபோது நீ பதிவு செய்துகொண்டு போனதை நான் மறந்தே போயிருந்தேன். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும் என்று அன்று சொன்னாயே, அப்படி எத்தனை முறை இறக்கினாயோ, ஊடை நூலோடு தறியின் குறுக்கே ஓடும் நாடா அடிபடும் ஓசை வெள்ளியங்கிரி மலைக்கு அப்பால் உருளும் இடியாகிவிட்டது.

மேற்கத்திய இசையமைப்பாளர் லிகெட்டி 1961இல் முழு ஆர்கெஸ்ட்ராவையும் வைத்துக்கொண்டு மெட்டும் தாளமும் பிடிபடாத ஒலித்திரளை எழுதினார் என்றும், உன்னைப் போலவே இருண்ட சூழல் இசை செய்யும் லஸ்ட்மார்ட் குகைகளிலும் கல்லறை நிலவறைகளிலும் ஒலிப்பதிவு செய்தார் என்றும் நீ சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் மெட்டில்லாமல் நிற்கும் ஒலி எனக்குப் புதிதில்லை. சிறுவயதில் பாட்டு கற்றபோது, வாய் திறக்கும் முன் நெடுநேரம் தம்புராவை மட்டும் கேட்க வைப்பார்கள். தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் சரியான இடத்தில் அமர்ந்துவிட்டால், நான்கு தந்தியிலும் யாரும் மீட்டாத சுரங்கள் தாமாகக் கிளம்பும்.

குறை ஒன்று உண்டு. வயலினில் சுபபந்துவராளி வருமிடத்தில் அளவுக்கு மீறி எதிரொலி சேர்த்திருக்கிறாய். அந்த ராகத்தின் காந்தாரத்துக்கு, அதாவது 'க' சுரத்துக்கு, அசைவுதான் உயிர். முதல் அசைவு அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் விழுவதால், கமகம் என்ற அந்த அசைவே கரைந்து வெறும் புகையாக நிற்கிறது. இருட்டைத் தறிச் சத்தமே கொடுத்துவிடுகிறதே, வயலினையும் ஏன் அதற்குள் தள்ளுகிறாய்? அதை எதிரொலி சேர்க்காத காய்ந்த ஒலியாகவே விட்டுப் பார்.

நாடாத் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். புதிய தறிகளில் நாடா கிடையாது, அந்தச் சத்தமும் வராது. இரண்டை மட்டும் தை வரை நிறுத்தி வைக்கிறேன். நல்ல மைக் எடுத்துக்கொண்டு வா.

உன் அப்பா