வாரக்கடன் விதிகளை ரேஷன் கடையில் ஒட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் குழுக்கடன் வசூல் நடக்கும். ஒருத்தி வராவிட்டால், அவள் பங்கை மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை யாரும் எழுந்து போக முடியாது. அந்தத் தவணைக்காக இன்னொரு குழுவில் கடன், அப்புறம் காதுத் தோடு அடகுக் கடைக்கு.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, இப்படிக் கடன் கொடுக்கும்போது ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் வரும் வீட்டுக்கு 7,500தான் எல்லை. மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்காகப் போன் செய்யவும் கூடாது. கையெழுத்துப் போடும் பெண்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

இந்தக் கடன் சுழலிலிருந்து எங்கள் குடும்பம் மீண்டது, புதுக்கடன் வேண்டாம் என்று நின்றதால்தான். வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்தோம். மளிகைக் கடையில் நோட்டில் எழுதி வாங்குவதை விட்டு, கையிலிருக்கும் காசுக்கு மட்டும் வாங்கினோம். மாசக் கடைசியில் பருப்பு கால் கிலோதான். மொய்யைக் குறைத்தபோது சொந்தத்தில் முகம் சுளித்தார்கள். சரி, சுளிக்கட்டும்.

மாவட்ட நிர்வாகம் இந்த விதிகளைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் ஒட்ட வேண்டும்.

தையல் தொழிலாளி,
பவானி, ஈரோடு மாவட்டம்.