கோடு முதலா, நிறம் முதலா?

அன்பு மக்களே,

டப்ளினில் இருந்து நீ அனுப்பிய வாட்டர்கலர் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கூரைகளும் புகைபோக்கிகளும் நன்றாக வந்திருக்கின்றன, வானம்தான் கலங்கிவிட்டது. "கோடு முதலாப்பா, நிறம் முதலா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

நான் நிறம் முதல் கட்சி. பேனாவால் எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிட்டால், மிச்சம் இருப்பது கட்டத்துக்குள் நிறம் அடைக்கிற வேலைதான். அதில் எனக்கு ருசியில்லை.

போன மாதம் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனேன், ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிற நம் குமரி மாவட்டத்துப் பாலம்தான். மேலே நடக்கவில்லை, படியிறங்கிப் பறளியாற்றுப் பக்கம் உட்கார்ந்தேன். 1966இல் கட்டிய பாலம். 28 தூண்கள், 115 அடி உயரம். அத்தனை தூணையும் ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தால் அதற்குள் நிழல் இடம் மாறிவிடும். அதனால் நிழல் விளிம்பை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு, அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தில் எல்லாத் தூணையும் ஒரே மூச்சில் இழுத்தேன். தள்ளிப் போகப்போக பிரஷில் தண்ணீரைக் கூட்டினால் போதும், தூரம் தானாக வந்துவிடும். காய்ந்த பிறகு அருகில் இருந்த இரண்டு தூணுக்கு மட்டும் பேனா: பாசிக் கறை, காங்கிரீட் தழும்பு, அவ்வளவுதான். மற்றவற்றுக்குக் கோடே இல்லை.

சுற்றிலும் ரப்பரும் தென்னையும். டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கும். சொட்டு பர்ன்ட் சியன்னா சேர். ஓலை நடுவே வெளிச்சம் வேண்டுமென்றால் தாளை விட்டுவிடு, வெள்ளைப் பெயின்டைத் தொடாதே.

ஆனால் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்துவிட்டால் என் கட்சியெல்லாம் செல்லாது. இங்கே எதுவும் காயாது, ஈரத்தாளில் பேனா வைத்தால் மை பரவும். அப்போது கோடுதான் முதலில். உங்கள் ஊர்த் தூறலுக்கும் அதுவே சரி. மை மட்டும் நீரில் கரையாத பிக்மென்ட் மையாக இருக்கட்டும். உன் படத்தில் கூரைக் கோட்டின் மைதான் கரைந்து வானத்தில் ஏறியிருக்கிறது. ஷெல்லாக் என்கிற அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை மட்டும் ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதே, அடைத்துக்கொள்ளும். கரையும் மைக்கும் ஒரு உபயோகம் உண்டு: காய்ந்த கோட்டை ஈரப் பிரஷால் தொட்டால் அதுவே நிழலாகிவிடும். சந்தைக் கூட்டத்தை வரைய அது நல்ல வழி.

வெயில் அடிக்கும் அபூர்வ நாளில் தாளை நிழலில் வைத்துக்கொள். வெயிலில் தாள் கண்ணைக் கூசும். அங்கே பளிச்சென்று தெரிந்த நிறம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டு கிடக்கும். வாட்டர்கலர் காய்ந்தால் ஒரு படி வெளிறும், அதையும் கணக்கில் வை. மெல்லிய தாள் சுருளும், 300 ஜி.எஸ்.எம். தடித்த தாளாக வாங்கு. காசு பார்க்காதே, இரண்டு பக்கமும் வரையலாம். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து காயவிடு, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இங்கே அதுதான் பெரிய தொல்லை.

வரும் ஞாயிறு முட்டம் போகலாம் என்றிருக்கிறேன். பாறையும் கலங்கரை விளக்கமும் ஒரே தாளில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். நீ லீவுக்கு வரும்போது அந்த பிக்மென்ட் மை ஒரு குப்பி எனக்கும் எடுத்து வா. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா